இருபத்தேழு அங்குல ஒப்புதல்

கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இயங்கிவரும் மலைச் சான்று சரிபார்ப்புச் சிறப்புப் பிரிவில், ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி காலை பதினொன்று இருபது மணிக்கு, 'ஒப்புதல்' என்ற பொத்தான் காணாமல் போயிற்று என்பது பொதுமக்களின் கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

திருட்டு ஒன்றும் இல்லை. அன்று காலைதான் மேலிடத்திலிருந்து புதிய மென்பொருள் வந்து இறங்கியது. பழையதைவிட எவ்வளவோ அழகு. மேலே பெரிய முத்திரை, அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் வாழ்த்துச் செய்தி, அதற்கும் கீழே மலையும் அருவியுமாக ஒரு வண்ணப்படம். இதெல்லாம் போக மிச்சமிருந்த இடத்தில் விண்ணப்பதாரரின் விவரம். அந்த விவரத்துக்கும் கீழே, திரையின் அடிவிளிம்பையும் தாண்டி, எங்கோ பாதாளத்தில் 'ஒப்புதல்'. பக்கத்தை மேலே உருட்டிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உருட்டினால் அழகு கெட்டுவிடும் என்று செய்தவர்கள் அந்த வசதியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் இளநிலை உதவியாளர் கவியரசன். வடக்கனந்தல்காரர், வயது முப்பத்தாறு, பதினோரு வருட சர்வீஸில் ஒரு தப்பும் செய்யாதவர். ஏதாவது செய்தால்தானே தப்பு வரும். உதவி எண்ணுக்கு போன் போட்டபோது, 'பொத்தான் உங்கள் திரைக்குக் கீழே இருக்கிறது' என்று பதில் வந்தது. உடனே மனிதர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். இதைப் பிற்பாடு அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார் என்பதால் நாமும் தாராளமாகச் சிரிக்கலாம்.

உதவி எண் கடைசியாகச் சொன்னது இதுதான்: உங்கள் மானிட்டர் பழையது, சின்னது, பெரிய மானிட்டரில் பொத்தான் தெரியும்.

கவுன்டருக்கு வெளியே பாரதி நின்றிருந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். அப்பா ராசு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போகிறவர். பாரதி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்து, செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆகஸ்ட் நாலாம் தேதி கலந்தாய்வு. மலைவாழ் மக்கள் என்பதற்கான சான்றிதழ் இருந்தால் சீட்டு, இல்லாவிட்டால் அப்பாவோடு கிழங்கு பிடுங்கப் போக வேண்டியதுதான்.

"சார், எல்லாம் சரியா கீதுன்னீங்களே?"

"சரியாத்தாம்மா கீது. ஒப்புதல் குடுக்கத்தான் பொத்தான் இல்ல."

"எப்ப வரும் சார்?"

"பெரிய மானிட்டர் வந்தா வரும். ஒரு வாரம் கழிச்சி வா."

கவியரசன் அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனார். கணினிக் கடை வைத்திருக்கும் வெங்கடேசன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே மூச்சில் சொன்னார்: "இருபத்திநாலு இன்ச்சு, ஃபுல் எச்டி. எட்டாயிரத்து ஐநூறு. சாயங்காலமே ஆள் அனுப்பி மாட்டிடறேன். உங்க பட்டன் ஜம்முனு தெரியும்."

இந்தக் கதை அன்று சாயங்காலமே முடிந்திருக்க வேண்டியது. முடிந்திருந்தால் எழுதுகிற எனக்கும் படிக்கிற உங்களுக்கும் வேலை மிச்சம்.

பிரிவின் தலைவர் தீனதயாளன், பதவியின் பெயர் சிறப்பு அலுவலர். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார், போடமாட்டார். கண்ணாடி இல்லாமல் இளமையாகத் தெரிகிறார் என்று யாரோ ஒரு விழாவில் சொல்லிவைத்ததன் விளைவு.

"கவி, கணினி உபகரண இனத்துல நமக்கு எவ்ளோ ஒதுக்கி கீது?"

"பதினஞ்சாயிரம் சார்."

"மானிட்டர் எவ்ளோன்னே?"

"எட்டாயிரத்து ஐநூறு சார்."

தீனதயாளன் முகம் கடுத்தது. "மீதி ஆறாயிரத்து ஐநூறு இன்னா ஆவும்? திரும்பிப் போவும். போனா, இவனுக்கு எட்டாயிரத்து ஐநூறே போதும்னு அடுத்த வருஷம் அதத்தான் குடுப்பான். பதினஞ்சுக்கு மேலயும் போவக்கூடாது, கம்மியாவும் கூடாது. புரியுதா?"

புரிந்தது. பொத்தானைத் தெரியவைப்பதற்கு எவ்வளவு ஆகும் என்பது இப்போது கேள்வி அல்ல. பதினைந்தாயிரத்துக்கு எவ்வளவு தெரியவைக்கலாம் என்பதே கேள்வி. இதை ஆராய 'கணினித் திரையின் அளவு மற்றும் துல்லியம் குறித்த தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் தீனதயாளன். உறுப்பினர் செயலர் கவியரசன். தொழில்நுட்ப உறுப்பினராக நில அளவர் அய்யப்பன் நியமிக்கப்பட்டார். அலுவலகத்திலேயே எதையும் அளக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அய்யப்பன் டேப்போடு வெங்கடேசன் கடைக்குக் கள ஆய்வுக்குப் போனார். இருபத்துநாலு அங்குலம் என்று எழுதியிருந்த மானிட்டரின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இழுத்துப் பார்த்தார். இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தார்.

"இருபத்தொண்ணுதான் கீது. மூணு இன்ச்ச யாரு ஆக்கிரமிச்சிக்கினு கீறாங்க?"

"சார், இத மூலைக்கு மூலை அளக்கணும்."

"இருபத்தியாறு வருஷமா அளந்துக்கினு கீறேன், எங்கிட்டயே சொல்றியா? எந்த ஊர்ல நிலத்த மூலைக்கு மூலை அளந்து பட்டா குடுக்கறாங்க? அப்படி அளந்தா மணலூர்பேட்டைல பாதிப் பேரு ஆத்துக்குள்ள கரும்பு போட்டுக்கினு கீறான்னு ஆயிடும்."

"உலகம் பூரா அப்படித்தான் சார் அளக்கறாங்க."

"உலகம் பூரா தப்பா அளந்தா நான் இன்னா பண்றது? நான் உள்ளத எழுதுவேன்."

உள்ளதை எழுதினார். 'இருபத்துநாலு அங்குலம் என விற்கப்படும் திரையில் மூன்று அங்குலம் புலத்தில் இல்லை' என்ற அவருடைய அறிக்கை மேலிடத்தின் தெளிவுரைக்கு அனுப்பப்பட்டது. 'குறுக்களவையே அளவாகக் கொள்ளலாம்' என்று பதில் வருவதற்கு இருபது நாள் ஆயிற்று. அதற்குள் பாரதி மலையிலிருந்து மூன்று தடவை இறங்கி, மூன்று தடவை ஏறிவிட்டாள்.

அந்த இருபது நாளை கவியரசன் வீணாக்கவில்லை. மானிட்டர் வாங்குவது எப்படி என்று வீடியோ பார்க்க ஆரம்பித்தார். சும்மா ஒன்று பார்ப்போம் என்றுதான் உட்கார்ந்தார், அறுபத்து மூன்று பார்த்தார். அதுவரை டிவிக்கும் மானிட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர், ரெசல்யூஷன் என்றார், பேனல் என்றார், ரிஃப்ரெஷ் ரேட் என்றார். கச்சிராயபாளையம் ரோட்டு டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருக்க, "இதுல கருப்பு கருப்பாவே இல்ல பாருங்க" என்று பக்கத்து பெஞ்சுக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் பாவம், செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி ராதிகாவையும் விடவில்லை. "ஃபுல் எச்டின்றது பழைய கதை ராதிகா. இப்ப யாரும் அத வாங்கறதே இல்ல. கியூஎச்டிதான். ரெண்டாயிரத்து ஐநூத்தி அறுபதுக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது புள்ளி."

"சமையக்கட்டு லைட்டு மூணு நாளா எரியல. அதுக்கு இன்னா ரெசல்யூஷன்?" என்றாள் ராதிகா.

குழுவின் இரண்டாம் கூட்டம் துல்லியம் பற்றியது. கவியரசன் ஒரு மணி நேரம் பேசினார். புள்ளிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இடம், எவ்வளவு இடமோ அவ்வளவு பொத்தான். கேட்டுக்கொண்டிருந்த அய்யப்பன் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டார்.

"கவி, இது மனைப்பிரிவு மாதிரிதான? ஒரே நிலம். இருபது லட்சம் மனை போட்டா ஒரு அளவு. அதே மாதிரி நிலத்துல முப்பத்தாறு லட்சம் மனை போட்டா ஒவ்வொரு மனையும் சின்னதாப் பூடும். எழுத்து மனைலதான குடியிருக்குது? எழுத்தும் சின்னதாப் பூடுமே. சாருக்குப் படிக்க வருமா?"

அந்த அறையில் அன்று பேசப்பட்டவற்றில் புத்தியுள்ள வார்த்தை இது ஒன்றுதான். அதனால் எல்லோரும் சிரித்தார்கள். "அய்யப்பன் சார், நீங்க கொஞ்சம் வீடியோ பாக்கணும்" என்று கவியரசன் இரக்கத்தோடு சொன்னார். அந்த இரக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காது சுடுகிறது.

'தனக்குப் படிக்க வராது' என்று ஒருவர் சொன்னதை தீனதயாளனால் ஏற்க முடியவில்லை. "எனக்கு இன்னாய்யா வயசாயிடுச்சி? பெருசாவே வாங்குங்க" என்றார். இருபத்தேழு அங்குலம், கியூஎச்டி, விலை பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ஒதுக்கீட்டுக்குப் பத்தே ரூபாய் குறைவு. இவ்வளவு பொருத்தமாக ஒரு மானிட்டர் அமைந்ததை தீனதயாளன் குலதெய்வத்தின் அருள் என்றே கருதினார்.

விதிப்படி மூன்று கடைகளின் விலைப்புள்ளி வேண்டும். வெங்கடேசன் மேசை டிராயரைத் திறந்து மூன்று லெட்டர் பேடுகளையும் மூன்று ரப்பர் முத்திரைகளையும் எடுத்து வைத்தார். ஒன்று அவர் கடை. ஒன்று அவர் மச்சான் பெயரில் உள்ள கடை. மூன்றாவது உளுந்தூர்பேட்டை பைபாஸில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு நண்பருடையது.

"இவுரு மானிட்டர் விக்கறாரா?"

"விலை ஜாஸ்தி போடறாரு சார். அதான் அவுருகிட்ட யாரும் வாங்கறதில்ல. எது ஜெயிக்கணும், சொல்லுங்க."

ஜெயிக்க வேண்டியது ஜெயித்தது. ஜூலை இருபத்தெட்டாம் தேதி மானிட்டர் வந்து இறங்கியது. தீனதயாளனின் மேசையில் அதை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டினார்கள். நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி, சுவிட்சைப் போட்டார்கள். கவுன்டருக்கு வெளியே பாரதி ஏழாவது தடவையாக நின்றிருந்தாள். கலந்தாய்வுக்கு இன்னும் மூன்று நாள்.

பக்கம் திறந்தது. முத்திரை, வாழ்த்து, மலை, அருவி, விவரம். எல்லாவற்றுக்கும் கீழே, பச்சை நிறத்தில், 'ஒப்புதல்'!

அலுவலகமே கைதட்டியது. கவியரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்க்கையில் தானாகத் தேர்ந்தெடுத்து ஒன்று சரியாக அமைந்தது இதுதான் என்று மனசாரப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை ஏறக்குறைய நாற்பது விநாடி நீடித்தது.

"கவி, பொத்தான் தெரியுது. பேரு இன்னா எழுதியிருக்குது? ஒன்னும் தெரியலயே" என்றார் தீனதயாளன். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுங்கள் என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை.

"படிக்காம எப்படிய்யா ஒப்புதல் குடுக்கறது? எழுத்த பெருசாக்கு."

கவியரசன் செட்டிங்ஸுக்குள் போய் எழுத்தை இரண்டு மடங்கு ஆக்கினார். எழுத்து பெரிதாயிற்று. முத்திரையும் பெரிதாயிற்று, அருவியும் பெரிதாயிற்று. 'ஒப்புதல்' திரையின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கி மறைந்தது.

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். அய்யப்பன் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை.

"இப்ப எத்தினி இன்ச் வாங்கணும்?" என்றார் தீனதயாளன்.

"முப்பத்திரண்டு வாங்கலாம் சார்."

"அடுத்த நிதியாண்டுல கருத்துரு வைப்போம்."

அப்போது கவுன்டர் பக்கமிருந்து குரல் வந்தது. "சார், கண்ட்ரோல அழுத்திக்கினு மைனஸ தட்டிப் பாருங்களேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாரதிக்குப் பயமாகிவிட்டது. "இல்ல சார், எங்க இஸ்கூல் லேப்ல மானிட்டர் ரொம்ப சின்னது. பக்கம் முழுசா தெரியாது. அப்படித்தான் பண்ணுவோம். பெருசா வச்சிப் படிச்சிட்டு, மைனஸ தட்டி பட்டன அழுத்திட்டு, திரும்பப் பெருசாக்கிக்கலாம்."

கவியரசன் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பாதாளத்திலிருந்து 'ஒப்புதல்' எழுந்து வந்தது. தீனதயாளன் அழுத்தினார். ஐம்பத்து மூன்று நாளாக நின்ற விண்ணப்பம் ஒரு விநாடியில் முடிந்தது. பாரதி அச்சிட்ட தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அன்று சாயங்காலத்துக்குள் தேங்கியிருந்த இருநூற்றுப் பதினேழு விண்ணப்பங்களும் தீர்ந்தன.

தீர்ந்த பிறகுதான் அய்யப்பன் ஒரு காரியம் செய்தார். பழைய மானிட்டரை எடுத்து மாட்டி, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மைனஸைத் தட்டினார். அதிலும் 'ஒப்புதல்' வந்தது.

அலுவலகம் ஆடிப்போயிற்று. அறுபத்து மூன்று வீடியோவையும் கவியரசன் போனில்தான் பார்த்தார். எழுத்து சின்னதாக இருந்தால் இரண்டு விரலால் விரித்தார், பெரிதாக இருந்தால் சுருக்கினார். தினம் நூறு தடவை செய்த காரியம் மேசைக்கு வந்ததும் மூளைக்கு எட்டவில்லை. தன்னைவிடப் பெரிய மடையன் இந்த மாவட்டத்தில் உண்டா என்று யோசித்தார். பக்கத்திலேயே தீனதயாளன் இருந்ததால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"கவி, நல்லா கேட்டுக்கோ. பழைய மானிட்டர்லயே வருதுன்னா, புதுசு தேவையில்லாம வாங்கினதாயிடும். தேவையில்லாம வாங்கினா வசூல். உன் சம்பளம், என் பென்ஷன். அதனால அந்த விசை நம்ம ஆபீஸ்ல கெடையாது."

'பொத்தான் தெரிவதற்குப் புதிய இருபத்தேழு அங்குலத் திரை ஒன்றே காரணம் என்பதும், வேறு எவ்வித உபாயமும் இப்பிரிவின் அறிவுக்கு எட்டவில்லை என்பதும் சான்றளிக்கப்படுகிறது' என்று கோப்பில் எழுதப்பட்டது. இரண்டாவது பகுதி உண்மை என்பதால் கவியரசன் மனச்சாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை, ஆகஸ்ட் நாலாம் தேதி, தணிக்கைக்கு நிர்மலா மேடம் வந்தார். மானிட்டர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எதிரில் தீனதயாளனும் கவியரசனும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரைக்கு கவியரசனின் போன் அடித்தது.

"சார், பாரதி பேசறேன். கலந்தாய்வுல கீறேன். சர்டிபிகேட்ட கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, கீழ கையெழுத்து இல்லன்றாங்க."

"பிரின்ட்ட காட்டும்மா."

"அது செல்லாதாம் சார். ஸ்கிரீன்ல தெரியணுமாம். அவுங்க ஸ்கிரீன்ல பாதிக்கு மேல தெரியல. மைனஸ தட்டச் சொன்னேன். சின்னப் பொண்ணு சொல்லி நாங்க கேக்கணுமான்றாங்க. பன்னண்டு மணிக்கு என் நம்பர் போயிடும் சார்."

அடுத்து ஒரு ஆண் குரல் வந்தது. "சார், வணக்கம். உங்க ஆபீஸ் குடுத்ததுதான இது? கையெழுத்த நீங்க எத்தினி இன்ச் மானிட்டர்ல சார் பாத்தீங்க?"

கவியரசன் நிமிர்ந்தார். தீனதயாளன் தலையை இடவலமாக ஆட்டினார். நிர்மலா மேடத்தின் பேனா, கவியரசன் கையெழுத்துப் போட்ட அந்தச் சான்றின்மேல்தான் நின்றிருந்தது. இருபத்தேழு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடலாம். பதினோரு வருடமாக அவர் பிழைத்தது அப்படித்தான். ஆனால் ஏழு தடவை இறங்கி ஏறிய பெண்ணின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"இன்ச்செல்லாம் ஒன்னும் இல்ல சார்" என்றார். "கண்ட்ரோல அழுத்திக்கினு மைனஸ தட்டுங்க. அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. எந்த மானிட்டர்லயும் வரும்."

அந்தப் பக்கம் டக் டக்கென்று சத்தம். "அட, வந்துடுச்சி சார்! கையெழுத்து கீது." போன் வைக்கப்பட்டது.

தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார். நிர்மலா மேடம் மெல்ல நிமிர்ந்தார்.

"இன்னா சொன்னீங்க? எந்த மானிட்டர்லயுமா?"

"ஆமாங்க மேடம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மைனஸ்னா மேல் வரிசைல கீதே, அதா? பக்கத்துல நம்பரோட கீதே, அதா?"

"ரெண்டும் வேலை செய்யுங்க மேடம்."

பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்லயும் ஜூன்லேர்ந்து பொத்தான் தெரியல. நாப்பது மானிட்டருக்கு ஆர்டர் போட்டு, போன வாரம் பணமும் குடுத்தாச்சி. முப்பத்திரண்டு இன்ச்." கொஞ்சம் நிறுத்தினார். "குழுவுக்கு நான்தான் உறுப்பினர் செயலர்."

அதன்பின் கோப்பில் அவர் எழுதிய தணிக்கைக் குறிப்பு வருமாறு: 'பெரிய திரை வாங்கியதால் தேங்கிய விண்ணப்பங்கள் அனைத்தும் ஒரே நாளில் தீர்க்கப்பட்டுள்ளது பாராட்டத்தக்கது. இதர அலுவலகங்களும் இதனைப் பின்பற்றலாம். இது தொடர்பான ஆலோசனைக்கு இளநிலை உதவியாளர் திரு. கவியரசன் அவர்களை அணுகலாம்.'

தீனதயாளன் கண்ணைத் திறந்தார். கவியரசன் குறிப்பின் கீழே, பார்த்ததற்கு அடையாளமாக, கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாரதியிடமிருந்து செய்தி வந்தது. சீட்டு கிடைத்துவிட்டது. கவியரசன் எழுந்து நின்று அதை இரண்டு தடவை படித்தார். அவ்வளவு சந்தோஷம் சமீபத்தில் அவருக்கு எதற்கும் வந்ததில்லை. கீழே இன்னொரு வரி இருந்தது. 'சார், காலேஜ்ல படிக்க ஒரு லேப்டாப் வேணுமாம். செகண்ட் ஹேண்ட்ல பாக்கறோம். எத்தினி இன்ச் வாங்கலாம்?'

கவியரசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதாவது ஒன்று வாங்கும்மா என்று மூன்றே வார்த்தையில் முடிக்கத்தான் நினைத்தார். ஆனால் விரல் கேட்கவில்லை. 'அது பேனலைப் பொறுத்தது' என்று ஆரம்பித்து, புள்ளிகளின் நெருக்கம், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரம், வாங்கக் கூடாத கம்பெனிகள் என்று நாற்பது நிமிடம் அடித்து, அவசியம் பார்க்க வேண்டிய ஒன்பது வீடியோக்களையும் இணைத்து அனுப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'ரொம்ப நன்றிங்க சார். நான் போன்லயே படிச்சிக்கிறேன்.'